மருதமரமும் மனுவும்

எங்கள் நிந்தவூருக்குக் கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு கந்தோர் ஒன்றில், காணி உரிமைக்காக உழைக்கும் ஓர் அமைப்பின் நிர்வாக உதவியாளராக நான் பணிபுரிகிறேன். கடிதம் எழுதுதல், கூட்டக் குறிப்பெடுத்தல், கோவைகளை ஒழுங்குசெய்தல் ஆகியன என் கடமைகள். கடிதம் எழுதுவதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஒரு மூத்தம்மா.

அவருடைய கணவருக்கு அரசாங்கம் நெற்காணி ஒன்றுக்குப் பெர்மிட் வழங்கியிருந்தது. பின்னுரித்தாளர் எவரையும் நியமிக்காமலே கணவர் காலமானார். பெர்மிட்டையோ, 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று.

"எனக்குப் பொறகு வயல் என்ட மகளுக்குச் சேரணும், மகள். ஊடும் வயலும் பொம்புளப் புள்ளைக்குத்தானே!" என்றார் அவர்.

அது எங்கள் கரையோர ஊர்களின் வழமை. மணமான மகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். பெற்றோரின் வீடு மகளுக்குச் சீதனமாகும். ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வேறுவிதமாக நினைத்தது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணிகளுக்கு அதன் மூன்றாம் அட்டவணை மகன்மாரை முன்னும் மகள்மாரைப் பின்னும் நிறுத்தியது. அந்த ஆண், பெண் பேதத்தை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே நீக்கிற்று. இடையில் எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன!

மூத்தம்மா பெர்மிட்டின் இலக்கத்தை அறியார், நிலத்தை அறிவார். "வடக்கால வாய்க்கால், தெற்கால பெருவரம்பு, கிழக்கால என்ட தங்கச்சிட வயல், மேற்கால மூலையில ஒரு மருதமரம். அதுக்குக் கீழதான் எங்கட மனிசன் சோறு தின்னுவாரு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சுருங்க எழுதுவதே அழகென்று பள்ளியில் கற்றவள் நான். மரத்தையும் சோற்றையும் வாய்க்காலையும் நீக்கி, அலுவலக நடையில் ஒரே பக்கத்தில் மனுவை முடித்தேன். ஒரு மாதத்தில் அது திரும்பி வந்தது. காணியை அடையாளங் காணப் போதிய விபரம் இல்லையாம். பிழை என்னுடையதே.

அந்நாட்களில் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் காணிப் போராட்ட வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். வடபுலத்து யிர்கலா என்னுமிடத்தில் வாழ்ந்த யொல்ங்கு மக்களின் நிலத்தைப் பொக்சைட் அகழ்வதற்கென, அவர்களைக் கேளாமலே அரசு ஒதுக்கியது. 1963இல் அவர்கள் கன்பராவிலுள்ள நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டெழுதிய தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குலச் சித்திரங்களைத் தீட்டியிருந்தனர். 1971இல் நீதிமன்றம் அவர்களுடைய உரிமையை ஏற்க மறுத்தது. எனினும் 1976இல் அவ்வடபுலத்துக்கெனப் பூர்வகுடிக் காணி உரிமைச் சட்டம் பிறந்தது.

அந்தத் தாளைத் தட்டெழுதியவர் அம்மக்களின் சொல்லை நீக்கவில்லை. அரசின் மொழியை அதன் அருகில் வைத்தார். நானோ மூத்தம்மாவின் சொல்லை நீக்கிவிட்டேன்!

மறுநாள் அவருடன் வயலுக்குப் போனேன். மருதமரம் இல்லை, அதன் அடிக்கட்டை மட்டும் வரம்போரத்தில் இருந்தது. அவர் குனிந்து அதனைத் தொட்டுப் பார்த்தார். அன்று மாலை மனுவைப் புதிதாக எழுதினேன். சட்டம் கேட்பவை முதலில். நான்கு எல்லைகள் அடுத்து. மூத்தம்மாவின் வாக்குமூலம் அவர் சொன்னபடியே இறுதியில். வாசித்துக் காட்டியபோது, "இப்பதான் மகள், இது எங்கட வயல்" என்றார்.

பின்னர் ஓர் அலுவலர் வந்து வாய்க்காலையும் வரம்பையும் அடிக்கட்டையையும் குறித்துச் சென்றார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. மாணாக்கருக்கு மனு எழுதக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை: சுருக்கத்தைக் கற்பியுங்கள், எதைச் சுருக்கலாகாது என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.