ஆட்டோகிளேவ்: டேப் கறுத்தால் போதுமா?

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் ஆட்டோகிளேவைப் பார்த்ததும் "பெரிய குக்கர்தானே சார்?" என்பார்கள். ஆமாம், குக்கர்தான். 1679-இல் டெனி பாப்பின் செய்த நீராவிப் பாத்திரம்தான் இரண்டுக்கும் மூதாதை. அதைக் கிருமி நீக்கும் கருவியாக்கியவர் பாஸ்டரின் சகா சார்ல்ஸ் சாம்பர்லாண்ட், 1879-இல். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. குக்கரில் பருப்பு வேகலைன்னா வாயில் வைத்ததும் தெரிஞ்சிடும். கிருமி சாகலைன்னா கண்ணுக்குத் தெரியாது.

வழக்கமான கணக்கு இது: 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், 121 டிகிரி செல்சியஸ், 15 முதல் 20 நிமிடம். அழுத்தம் கிருமியைக் கொல்வதில்லை. தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவது மட்டுமே அதன் வேலை. கொல்வது ஈரச் சூடு. நீராவி ஒரு பொருளின்மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தன் உள்ளுறை வெப்பம் முழுவதையும் அதில் இறக்கிவிடும். இதையே காய்ந்த சூட்டில் செய்ய, ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும்.

இதில் பெரிய எதிரி காற்று. குக்கரில் ஆவி நன்றாக வந்தபிறகுதான் வெயிட் போடணும்னு வீட்டில் சொல்வார்களே, அதே விதிதான் இங்கேயும். உள்ளே பாதிக் காற்று தங்கிவிட்டால், மீட்டர் 15 பி.எஸ்.ஐ. காட்டும், வெப்பமோ 112 டிகிரி அளவில்தான் இருக்கும். பத்து டிகிரி குறைந்தால் அதே வேலைக்குச் சுமார் பத்து மடங்கு நேரம் தேவை. அதனால் அழுத்தத்தை மட்டும் பார்த்து நேரம் எண்ணாதீர்கள். வெப்பத்தையும் பாருங்கள்.

கழிவுப் பைகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பையை இறுக்கி முடிச்சுப் போட்டால் நீராவி உள்ளே போகாது. வெளியே வெந்து, நடுவில் பெட்ரி தட்டுகள் அப்படியே இருக்கும். வாயைத் தளர்வாக விடுங்கள், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், காய்ந்த கழிவென்றால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். இந்தியாவின் 2016 மருத்துவக் கழிவு விதிகள் 121 டிகிரியில் குறைந்தது 60 நிமிடம் கேட்பது சும்மா இல்லை. பிளீச், கரைப்பான்கள், ஃபார்மலின் கலந்த கழிவை உள்ளே வைக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும், சில கரைப்பான்கள் தீப்பிடிக்கும்.

கருவி பழுதாவதைவிட, அவசரப்பட்டுத் திறப்பதில்தான் கையும் முகமும் வெந்துபோகும். 121 டிகிரியில் இருக்கும் திரவம் கொதிக்காமல் அமைதியாக இருப்பது அழுத்தத்தால்தான். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் பாட்டில் பொங்கும், சில நேரம் வெடிக்கும். ஆகவே:

- பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்; மூடியைத் தளர்த்துங்கள்.
- தொடங்குமுன் தண்ணீர் மட்டத்தையும் கேஸ்கட்டையும் பாருங்கள்.
- மீட்டர் பூஜ்யத்துக்கு வந்து, வெப்பம் 80-க்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள்.
- வெப்பம் தாங்கும் கையுறை, முகக் கவசம் கட்டாயம். மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, ஆவி போகும்வரை தள்ளி நில்லுங்கள்.

கடைசியாக அந்த டேப். அதில் கறுப்புக் கோடு வந்தால், டேப் ஒட்டிய இடம் சூடானது என்றுதான் அர்த்தம். பைக்கு நடுவில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் வித்துகள் அடங்கிய குப்பி. சுமையின் நடுவில் அதை வைத்து எடுத்து, 55 முதல் 60 டிகிரியில் வளர்க்க வேண்டும். நிறம் மாறினால் வித்து பிழைத்திருக்கு, அதாவது உங்கள் ஆட்டோகிளேவ் தோற்றிருக்கு.

இந்தச் சோதனையைச் செலவு என்று தள்ளிப்போடும் ஆய்வகங்கள் உண்டு. அந்தப் பையை அடுத்துத் தூக்கப் போவது நாம் இல்லை, துப்புரவுப் பணியாளர். கறுத்த டேப்பை நம்பித்தான் அவர் கை வைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஒரு குப்பி செலவு பெரிசா என்ன?