சில்லுக்குள்ளும் 'லைன் கிளியர்'!

சூளூர்பேட்டை: ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் ஊர் இது. சென்னை–கூடூர் மார்க்கத்தில் உள்ளது. எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் பாசஞ்சர் வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். என்ஜின் எத்தனை வேகமானதாக இருந்தாலும் லைன் கிளியர் இல்லாமல் நகராது. வேலைக்குப் போய்வரும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இது தெரிந்த சங்கதி.

இதே தொல்லை கம்ப்யூட்டர் சில்லுக்குள்ளும் இருக்கிறது!

80 கோர்கள்

சில்லில் கணக்குப் போடும் பகுதிக்குக் 'கோர்' என்று பெயர். முன்பு ஒன்றுதான் இருந்தது, இப்போது பல. இவை தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள, ஜோடிக்கு ஒரு கம்பி இழுத்தால் இடம் போதாது. பொதுப்பாதை போட்டு, சந்திப்புதோறும் 'ரௌட்டர்' வைக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் வில்லியம் டாலியும் பிரையன் டௌல்ஸும் 2001-ல் எடுத்துக் கூறினார்கள்.

2007-ல் இன்டெல் கம்பெனி 80 கோர் கொண்ட ஆராய்ச்சிச் சில்லை வெளியிட்டது. பெங்களூர் என்ஜினீயர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 8-க்கு 10 என்ற கட்டத்தில், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக 16 தாவல். தாவலுக்கு 5 துடிப்பு என்று வைத்தால், வழியிலேயே 80 துடிப்பு கழிந்துவிடும். அதுவரை அந்தச் செய்திக்குரிய கோர் கைகட்டி நிற்கும்.

தாமதம் ஏன்?

வந்த செய்தியை ரௌட்டர் வாங்கி வைக்கிறது, திசை பார்க்கிறது, காலியான பாதை தேடுகிறது, முறை வாங்கி அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துடிப்பு.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. அடுத்த ரௌட்டரில் எத்திசை என்பதை முந்திய ரௌட்டரே தீர்மானித்துவிடலாம். பாதை தேடுவதையும் முறை கேட்பதையும் ஒரே துடிப்பில் செய்யலாம். பாதை கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். இதை லி-ஷியுவான் பே என்ற பெண் விஞ்ஞானி, டாலியுடன் சேர்ந்து 2001-ல் விளக்கினார்.

2007-ல் வந்த இன்னொரு முறைக்குப் பெயரே 'எக்ஸ்பிரஸ்' பாதை. தூரம் போகும் செய்தி, இடையிலுள்ள ரௌட்டர்களில் நிற்காமலே தாண்டிப் போகும்.

பாசஞ்சரின் கதி?

எக்ஸ்பிரஸ்களே போய்க்கொண்டிருந்தால், மற்றச் செய்திகள் காத்துக் கிடக்க வேண்டியதுதானா? இல்லை. நெடுநேரம் காத்திருக்கும் செய்தி இருந்தால், அந்த ரௌட்டர் பின்னால் உள்ளவற்றுக்குத் தகவல் கொடுக்கும். எக்ஸ்பிரஸ் சற்று நிற்கும், காத்திருந்தது புறப்படும்.

என்ஜினை மட்டும் வேகமாக்கிப் பயனில்லை. நிற்கும் நேரம் குறைய வேண்டும். அதுவும் எல்லோருக்கும் குறைய வேண்டும்.