15 யூனிட்டுக்கு 343 ரூபாய்! வீட்டு மின் கட்டணத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

'புதுசா ஒரு பொருளும் வாங்கலை. போன தடவையைவிட பில் மட்டும் எப்படி இவ்வளவு ஏறுச்சு?' கோடை முடிந்து ரீடிங் எடுக்கும்போது பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. சிலருக்கு மீட்டர் மேல் சந்தேகம் வரும். சிலர் மிக்ஸி, கிரைண்டர் மேல் பழி போடுவார்கள். யூனிட் கணக்கைத் தெரிந்துகொண்டால், மின்சாரம் எங்கே போகிறது என்பதை வீட்டில் உள்ளவர்களே கண்டுபிடித்துவிடலாம்.

யூனிட் என்றால் என்ன?

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கருவியின் வாட்டை, ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும்.

550 வாட் மிக்ஸி தினமும் 10 நிமிடம் ஓடினால், 60 நாளில் ஆவது ஐந்தரை யூனிட்தான். ஆனால், 75 வாட் ஃபேன் தினமும் 20 மணி நேரம் சுற்றினால் 60 நாளில் 90 யூனிட். சத்தம் போடுகிற மிக்ஸியைவிட, சத்தமில்லாமல் சுற்றுகிற ஃபேன்தான் அதிகம் இழுக்கிறது.

ஒரு வீட்டின் கோடைக் கணக்கு (60 நாள்)

- ஃபேன் 3 (75 வாட், தினம் 20 மணி நேரம்): 270 யூனிட்
- பழைய ஃபிரிட்ஜ் (தினம் 1.25 யூனிட்): 75 யூனிட்
- 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் (தினம் ஒன்றேகால் மணி நேரம்): 75 யூனிட்
- பழைய டியூப் லைட் 4 (சோக்குடன் 50 வாட், தினம் 5 மணி நேரம்): 60 யூனிட்
- டி.வி. (80 வாட், தினம் 5 மணி நேரம்): 24 யூனிட்
- மிக்ஸி, கிரைண்டர், செல்போன் சார்ஜர்: 10 யூனிட்
- மொத்தம்: 514 யூனிட்

500-ல் இருக்கிறது சூட்சுமம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை பயன்படுத்துபவர்களுக்கு 101-200 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201-400 யூனிட்டுக்கு 4.50 ரூபாய், 401-500 யூனிட்டுக்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு அடி விழும். கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பது ஒன்று. 101-200 யூனிட்டுக்கான 2.25 ரூபாய் சலுகையும் போய், அதற்கும் 4.50 ரூபாய் கட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

மேலே சொன்ன வீட்டுக்கு 514 யூனிட்டுக்கு 2,062 ரூபாய் வரும். 15 யூனிட் குறைந்து 499 ஆகியிருந்தால் 1,719 ரூபாய்தான். அந்த 15 யூனிட்டின் விலை 343 ரூபாய்! அதன் பிறகு கட்டணம் திருத்தப்பட்டிருப்பதால், இப்போதைய விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது?

மோட்டார்: தொட்டி நிரம்பி வழிந்தபடி தினமும் கால் மணி நேரம் மோட்டார் ஓடினால், 60 நாளில் 15 மணி நேரம். 1 ஹெச்.பி. மோட்டாருக்கு அதுவே சுமார் 15 யூனிட். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் தானியங்கி சுவிட்ச் பொருத்தினால், தண்ணீரும் மிச்சம்.

ஃபேன்: பி.எல்.டி.சி. வகை ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடும். அதிக நேரம் சுற்றும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினாலே 60 நாளில் 54 யூனிட் குறையும். மேலே சொன்ன வீட்டில் 514 யூனிட் 460 ஆகும். பில் 1,485 ரூபாயாக இறங்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கையில் பணம் வேண்டும் என்பதில்லை. பழுதாகும் ஃபேனை ரீவைண்டிங் செய்வதற்குப் பதிலாக ஒவ்வொன்றாக மாற்றலாம்.

விளக்கு: சோக் வைத்த டியூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால், நான்கு விளக்குக்கு 36 யூனிட் மிச்சம்.

ஃபிரிட்ஜ்: சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காற்றோட்டமாக இருக்க வேண்டும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். புதிது வாங்கும்போது நட்சத்திரத்தோடு, லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டையும் பாருங்கள். அதை 6-ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கான யூனிட்.

சூடாக்கும் கருவிகள்: 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் 40 நிமிடத்தில் ஒரு யூனிட்டை விழுங்கும். விறகோ, வெயிலோ கைகொடுக்கும் வீட்டில் குளிக்கும் தண்ணீருக்கு மின்சாரம் தேவையில்லை.

மீட்டரே காட்டிக்கொடுக்கும்!

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். அது 3,200 என்றால், ஒரே ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டு 10 நிமிடம் எண்ணுங்கள். 32 முறை மினுக்கினால் அந்தக் கருவி 60 வாட் இழுக்கிறது.

எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பிறகும் மினுக்கினால், எங்கோ கசிவு இருக்கலாம். இது பணப் பிரச்னை மட்டுமல்ல. ஈரமான மாட்டுத்தொழுவத்தில் கசியும் மின்சாரம் மாட்டையும் ஆளையும் சேர்த்தே பலி வாங்கும். உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரிங்கையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதைப் பொருத்திவிடுவது நல்லது.

ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். 30-வது நாளில் மீட்டரைப் பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மீதி நாள்களில் கை வைக்க வேண்டிய இடம் மேலே உள்ள பட்டியலில் இருக்கிறது.

வாசகர் கேள்விகள்

சந்தையில் விற்கும் 'கரன்ட் மிச்சப்படுத்தும் பெட்டி'யை வாங்கலாமா?
வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர். வீட்டு இணைப்பில் நாம் பணம் கட்டுவது யூனிட்டுக்குத்தான். அந்தப் பெட்டி யூனிட்டைக் குறைக்காது.

இரவில் ஃபிரிட்ஜை அணைத்து வைத்தால் மிச்சமாகுமா?
பெரிதாக மிச்சமாகாது. காலையில் மறுபடி குளிரவைக்க அது கூடுதல் நேரம் ஓடும். பாலும் மாவும் கெட்டுப்போனால் நஷ்டம்தான்.

தோட்டத்து இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கலாமா?
கூடாது. அந்த மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு எடுப்பது விதிமீறல்; அபராதம் கட்ட நேரும். வரப்பில் கிடக்கும் ஒயர் உயிருக்கும் ஆபத்து.