இலங்கை சுற்றுலா: குண்டுவெடிப்பைவிட டீசல் தட்டுப்பாடு பெரிய அடியா?

கொழும்புக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அங்கே குண்டு வெடித்தால்? கேன்சல்தான் பண்ணுவீர்கள். 2019-ல் பலரும் அதைத்தான் செய்தார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் நடந்த தாக்குதல்களில் 250-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2018 மே மாதம் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1,29,466 பேர். தாக்குதலுக்கு அடுத்த மாதமான 2019 மே மாதத்தில் வந்தது வெறும் 37,802 பேர்.

இப்போது 2022 மே மாதத்தைப் பாருங்கள்: 30,207 பேர். அதைவிடக் குறைவு! இத்தனைக்கும் அந்த ஆண்டு டூரிஸ்ட்டுகளை யாரும் குறிவைக்கவில்லை.

கோவிட்டில் விழுந்த சுற்றுலா முழுசாக எழவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டே மாதம் முன்பு, மார்ச்சில், 1,06,500 பேர் வந்திருந்தார்கள். மே மாதம் சீசன் டல்தான், இருந்தாலும் இவ்வளவு சரியாது. நடுவில் நடந்தது என்ன?

டாலர் தீர்ந்துபோனது. 2018-ல் சுற்றுலா கொண்டுவந்தது சுமார் 438 கோடி டாலர். 2021-ல் அது சுமார் 51 கோடி. வரிக் குறைப்பு, மலைபோல் கடன் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே அரசு நிறுத்தியது. டீசல் வாங்க டாலர் இல்லை. டீசல் இல்லாததால் டூரிஸ்ட் வேன் ஓடவில்லை. வேன் ஓடாத ஊருக்கு டூரிஸ்ட் எப்படி வருவார்? அவர் வராவிட்டால் டாலர் எங்கிருந்து வரும்? இந்தச் சுழலில் இருந்து வெளியே வருவதுதான் கஷ்டம். போதாக்குறைக்கு, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அதிகம் வந்துகொண்டிருந்த ரஷ்யர்கள், உக்ரைனியர்கள் வருகையைப் போர் வெட்டியது.

பயம் அப்படி இல்லை, சீக்கிரம் வடிந்துவிடும். பல நாடுகள் பயண எச்சரிக்கையைத் தளர்த்தின (எச்சரிக்கையை மீறிப் போனால் பல டிராவல் இன்சூரன்ஸ்கள் செல்லாது, அதனால் இது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்). 2019 ஆகஸ்டில் இந்தியா உட்பட 48 நாட்டினருக்கு இலங்கை விசா கட்டணத்தை ரத்து செய்தது. அந்த டிசம்பரில் 2,41,663 பேர் வந்துவிட்டார்கள். முந்தைய டிசம்பரைவிட 5 சதவீதம்கூடக் குறையவில்லை.

சரி, அதற்குப் பிறகு மீண்டதா? 2024-ல் 20.5 லட்சம் பேர் வந்தார்கள். 2018-ல் வந்தவர்களில் இது 88 சதவீதம். ஆனால் வருமானம் சுமார் 317 கோடி டாலர், அதாவது 72 சதவீதம்தான். ஆளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,880 டாலராக இருந்தது 1,540-க்கு இறங்கியிருந்தது. 'சுற்றுலா மீண்டது' என்ற தலைப்புகளில் நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது முதல் எண்ணை மட்டும்.

2018-ன் வேகத்தை நம்பி பேங்க் லோனில் அறை கட்டியவர்களுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். தாக்குதலுக்குப் பிறகும் கோவிட்டிலும் அவர்களுடைய தவணைகளுக்கு அவகாசம் கிடைத்தது. அது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு.