மேலங்கி வீரனும் அவனைப் படைத்தவர்களும்

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், பத்து ஸென்ட் விலை அச்சிட்ட ஒரு பழைய சித்திரக்கதைப் பத்திரிகையின் பிரதி அறுபது லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 1938-ல் வெளியான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' என்னும் அப்பத்திரிகையின் முதல் இதழ் அது. நீல உடையும் சிவப்பு மேலங்கியும் தரித்த ஒருவன் ஒரு மோட்டார் வண்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையில் மோதி நொறுக்குவதாக அதன் அட்டையில் ஒரு சித்திரம். ஸூப்பர்மேன் என்னும் வீரன் உலகத்தார் முன் தோன்றியது அன்றுதான். எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2025-லும் அவன் கதை புதிய சினிமாப் படமாக வெளிவந்தது. இடைக்காலத்தில் அவனைப் பின்பற்றிப் பிறந்த அதிமானுஷ வீரர்களுக்குக் கணக்கில்லை.

இதைச் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கென்று சிரித்து ஒதுக்குவது படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. நம் அபிப்பிராயம் வேறு. மூன்று தலைமுறையாக ஜனங்கள் ஒரு கற்பனையைக் கைவிடாமல் போற்றி வருகிறார்களென்றால், அதற்குத் தக்க காரணம் இருந்தே தீரவேண்டும். அக்காரணத்தை அறிய விரும்புவோர் இன்றைய படங்களை விட்டு, அந்த முதல் ஆண்டின் கதைகளைப் பார்ப்பது நலம்.

அக்கதைகளில் வேற்றுலக அரக்கர்கள் இல்லை. வீரனுக்கு அப்போது பறக்கக்கூடத் தெரியாது; தாவத்தான் தெரியும். ஆனால் அவன் யாரை எதிர்த்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இதழிலேயே, செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காப்பாற்ற, நள்ளிரவில் கவர்னரின் மாளிகைக் கதவை உடைத்து உள்ளே செல்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைச் சுவரில் மோதுகிறான். அமெரிக்க மேல்சபை அங்கத்தினர் ஒருவரை விலைக்கு வாங்கித் தேசத்தை யுத்தத்தில் இழுத்துவிடச் சூழ்ச்சி செய்பவனைப் பிடித்து உலுக்குகிறான். அதன் பின்னணியில் இருந்த ஆயுத வியாபாரியை, அடுத்த இதழில், சாதாரணச் சிப்பாயாகப் போர்முனைக்கே போகும்படி செய்கிறான். தன் குண்டுகள் தன் தலைமேலேயே வந்து விழும்போதுதான் அந்தக் கனவானுக்கு யுத்தத்தின் கொடுமை புலனாகிறது!

மூன்றாவது இதழின் கதை இன்னும் விசேஷமானது. ஒரு சுரங்கத்தில் விபத்து நேர்ந்து ஒரு தொழிலாளி உடல் ஊனமடைகிறான். சுரங்க முதலாளிக்கு அதைப்பற்றி அக்கறையில்லை. அவர் தம் மாளிகையில் விருந்து நடத்துகிறார். விருந்தினர் வேடிக்கையாகச் சுரங்கத்தைப் பார்க்கப் பட்டாடையும் நகையுமாக உள்ளே இறங்குகிறார்கள். தொழிலாளி வேஷத்தில் அங்கிருந்த ஸூப்பர்மேன் வழியை இடித்து அடைத்துவிடுகிறான். முதலாளி அபாய மணியை அடிக்க ஓடுகிறார். மணி வேலை செய்யவில்லை. அதைப் பழுதுபார்க்கப் பணம் செலவிட மறுத்தவர் அவரேயல்லவா? இந்தக் கதையில் வீரனின் புஜபலம் சொற்பமாகவே பயன்படுகிறது. முதலாளியைத் தொழிலாளி நின்ற இடத்தில் நிறுத்திவைத்ததே அவன் செய்த வேலை.

இதை எழுதிய ஜெர்ரி ஸீகலும் சித்திரம் தீட்டிய ஜோ ஷூஸ்டரும் ஓஹியோ ராஜ்யத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில் ஒன்றாகப் படித்த ஏழை யூத வாலிபர்கள். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள். ஸீகலின் தந்தை சிறு துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடையில் திருடர் புகுந்த ஒரு நாள் அங்கேயே சுருண்டு விழுந்து இறந்தார். அது வியாபார மந்தத்தினால் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து தெருவில் நின்ற காலம். சட்டமும் சர்க்காரும் உதவாதபோது, எந்தக் கதவையும் தட்டாமல் உடைத்துச் செல்லும் ஒருவனை அவ்விருவரும் கனவு கண்டதில் வியப்பென்ன? அதே கதவுகளுக்கு வெளியே காத்து நின்ற ஜனங்கள் அவனைத் தங்களவனென்று கண்டுகொண்டார்கள்.

அவன் புகழ் கடல் கடந்தும் பரவிற்று. 1940 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில், ஸூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்து சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துவதாக இரண்டு பக்கக் கதை வந்தது. இரண்டு மாதத்துக்குள், ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் நடத்திய பத்திரிகை ஸீகலை யூதரென்று இழித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரு மனிதனை அதிமானுஷனாகப் பூஜிக்கும்படி ஒரு தேசத்தையே கட்டாயப்படுத்தியவர்களுக்கு, காகிதத்தில் வரைந்த ஓர் அதிமானுஷனைப் பொறுக்க முடியவில்லை. 1946-ல் ரேடியோ நாடகமாகவும் அவன் ஒரு நற்காரியம் செய்தான். சீன வம்சத்துக் குடும்பமொன்றை விரட்டத் துணிந்த ஒரு வெறிக் கூட்டத்தை அவன் முறியடிப்பதாகப் பதினாறு நாள் கதை ஒலிபரப்பாயிற்று. அக்கூட்டத்துக்கு வேறு பெயர் சூட்டியிருந்தாலும், அது கூ க்ளக்ஸ் க்ளான் என்பது கேட்டவர்களுக்கெல்லாம் விளங்கிற்று.

ஆயினும் வருஷம் செல்லச் செல்ல வீரன் மாறினான். கவர்னர் வீட்டுக் கதவை உடைத்தவன் போலீஸாரின் நண்பனானான். சுரங்க முதலாளியை விட்டு, பாங்கிக் கொள்ளைக்காரரையும் பைத்தியக்கார விஞ்ஞானிகளையும் துரத்தலானான். 1954-ல் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றனவென்று கிளர்ச்சி எழுந்து, மேல்சபையின் கமிட்டி விசாரணை நடத்தியது. பயந்துபோன பிரசுரகர்த்தர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பு செய்துகொண்டார்கள். போலீஸாரையும் நீதிபதிகளையும் சர்க்கார் உத்தியோகஸ்தரையும் மரியாதைக்குப் பங்கம் வரும்படி சித்திரிக்கலாகாது என்பது அதில் ஒன்று. முதல் இதழின் கதை அந்த விதிக்கு எவ்வாறு தப்பியிருக்கும்? அவ்விதியிலிருந்து அவனுடைய பத்திரிகை விடுபட்டது 2011-ல்தான்.

இனி, படைத்தவர்கள் கதியைப் பார்ப்போம். 1938 மார்ச்சில் அவ்விருவரும் முதல் கதையோடு வீரன்மீதுள்ள சகல உரிமைகளையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையும் அடங்கிய செக்குச் சீட்டு மட்டும் 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று! சில வருஷங்கள் கதை எழுதியும் படம் வரைந்தும் நல்ல கூலி பெற்றார்கள். 1947-ல் உரிமை கோரி வழக்காடவே, வேலை போயிற்று; கதைகளிலிருந்து பெயரும் நீங்கிற்று. 1975-ல் வார்னர் கம்பெனியார் பெரும் பொருட்செலவில் ஸூப்பர்மேன் படம் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தபோது, ஷூஸ்டர் ஏறக்குறையக் கண்பார்வை இழந்திருந்தார். ஸீகல் தபால் பிரிக்கும் குமாஸ்தாவாக இருந்தார்.

அப்போது அவர்களுக்கு உதவ எந்த மேலங்கி வீரனும் தாவி வரவில்லை. ஸீகல் தம் மனக்குமுறலையெல்லாம் ஓர் அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் என்னும் இரு சித்திரக்காரர்கள் இவ்விஷயத்தைத் தங்கள் சொந்த வழக்கைப்போல் மேற்கொண்டார்கள். சித்திரக்காரர் சங்கத்தின் ஆதரவைத் திரட்டினார்கள். பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் பேசினார்கள். கம்பெனியாரோடு விடாமல் வாதாடினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. இருவருக்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதைகளிலும் படத்திலும் மீண்டும் பெயரும் கிடைத்தன. கோடிக்கணக்கில் லாபம் கண்ட சொத்துக்கு இது சொற்பமே. பெயர் திரும்பக் கிடைத்ததைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஷூஸ்டர் 1992-லும் ஸீகல் 1996-லும் காலமானார்கள். அமெரிக்கச் சட்டப்படி, 1938-ல் வெளியான கதைகளின் பதிப்புரிமை 2033-ம் ஆண்டின் முடிவோடு தீர்ந்துவிடும். 2034 ஜனவரி 1-ந் தேதி முதல், கவர்னரின் கதவை உடைத்தவனும் சுரங்கத்தில் இறங்கியவனுமான அந்தப் பழைய வீரனைப் பற்றி எவரும் யாருடைய அனுமதியுமின்றி எழுதலாம்.