முழங்கால் ஊசி: எத்தனை முறை, எத்தனை காலம்?

மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று வலியைப் பொறுத்துக்கொண்டு ஏறுவதும், கோயிலுக்குப் போனால் பிராகாரம் சுற்றாமல் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவதும் வழக்கமாகிப்போயிருந்த எங்கள் பெரியம்மா, எலும்பு டாக்டர் முழங்காலில் ஓர் ஊசி போட்ட மறு வாரமே மூன்று பிரதக்ஷிணம் செய்து வந்தார். அந்த சந்தோஷம் ஏறக்குறைய இரண்டு மாதம் நீடித்தது. வலி திரும்பி வந்தபோது அவர் கேட்டது இதுதான்: "இந்த ஊசியை இன்னும் எத்தனை தடவை போட்டுக்கலாம்? போட்டுக்கிட்டே இருந்தா முட்டிக்கு ஒண்ணும் ஆகாதா?" மூட்டுத் தேய்மானத்தால் வருந்தும் பலரும் டாக்டரிடம் கேட்க நினைத்துத் தயங்கும் இந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் 70 ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது. அந்த விடை இப்போது ஓரளவு தெளிந்திருப்பதால் அதை எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனைகளையும் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதற்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நாம் நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும் மூட்டு நீரிலிருந்தே அது போஷாக்கைப் பெறுகிறது. நரம்பில்லாத காரணத்தால் அது தேயும்போது தானாக வலிப்பதில்லை. மூட்டை உட்புறம் சூழ்ந்துள்ள சவ்வு அழற்சியுற்று வீங்குவதாலும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு தாக்குண்பதாலுமே வலி உண்டாகிறது. ஆகவே வலி தணிந்துவிட்டது என்பதாலேயே குருத்தெலும்பு க்ஷேமமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஊசியைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடக்கிறது.

மூட்டுக்குள் போடப்படும் ஊசிகளில் பழமையானது ஸ்டீராய்டு ஊசி. நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்து, முழங்கால் சில்லின் ஓரத்தை விரலால் தடவி இடம் கண்டு, நீர் கோத்திருந்தால் வைக்கோல் நிறமான அந்த நீரை முதலில் வெளியே இழுத்துவிட்டு, பிறகு மருந்தைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் உபயோகமாகும் டிரையாம்சினலோன் என்ற மருந்து, குப்பியின் அடியில் வெண்மையாகப் படிந்துவிடும் நுண்துகள்களைக் கொண்டது. குலுக்கினால் பால் போலாகிறது. அத்துகள்கள் மூட்டுக்குள் மெள்ளக் கரைந்து சவ்வின் அழற்சியை அடக்குகின்றன.

மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 1948-இல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலாக ஒரு வாத நோயாளிக்குக் கொடுத்து, இரண்டே ஆண்டுகளில் வேறிருவருடன் நோபெல் பரிசையும் பெற்ற அந்த உற்சாகமான காலத்தில், 1951-இல், பிலடெல்ஃபியா நகரத்து ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்திக் கண்ட பலனை வெளியிட்டார். ஏழே ஆண்டுகளில் எச்சரிக்கையும் எழுந்தது: 1958-இல் சாண்ட்லர், ரைட் என்ற இரு பிரிட்டிஷ் வைத்தியர்கள், மீண்டும் மீண்டும் ஊசி போட்ட மூட்டுகள் சீரழிவதாக எழுதினார்கள். வலி மரத்துப்போன மூட்டை நோயாளி வரம்பின்றி உழைக்க வைத்து விடுகிறாரோ என்ற சந்தேகம் அன்று தோன்றியது. மூன்று மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று இன்றும் பல டாக்டர்கள் சொல்லும் நியமம் இத்தகைய அச்சத்தாலும் அனுபவத்தாலும் வேரூன்றியது.

அந்த நியமத்தையே சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகள் பின்னால் வந்தன. கனடாவில் 68 நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீருமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு ஆண்டுகள் ஊசி போட்டு எக்ஸ்-ரேயில் அளந்தபோது, எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி இரு சாராருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. 2003-இல் வெளியான இந்த முடிவு பலருக்கு ஆறுதலளித்தது. ஆனால் எக்ஸ்-ரே இடைவெளியைத்தான் காட்டும், குருத்தெலும்பைக் காட்டாது. பாஸ்டன் நகரில் சவ்வு அழற்சியுள்ள 140 நோயாளிகளை அதே முறையில் 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் கொண்டு சோதித்து, எம்.ஆர்.ஐ. மூலம் குருத்தெலும்பையே அளந்து 2017-இல் வெளியிட்டபோது வேறு சித்திரம் தெரிந்தது: உப்பு நீர் பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் 0.10 மில்லிமீட்டர் இழந்திருக்க, ஸ்டீராய்டு பெற்றவர்கள் 0.21 மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள். வலியிலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

இந்த எண்களைக் கண்டு பீதியடைய வேண்டியதில்லை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே. அதனால் ஒருவருக்கு அறுவை சிகிச்சை முன்கூட்டியே தேவைப்படும் என்று அந்த ஆராய்ச்சி நிரூபிக்கவில்லை. இடுப்பிலோ முழங்காலிலோ ஊசி பெற்ற 459 பேரைப் பற்றி 2019-இல் பாஸ்டனிலிருந்தே வந்த மற்றோர் அறிக்கை, 8 சதவீதத்தினருக்குத் தேய்மானம் விரைவடைவது, எலும்பு நொறுங்குவது போன்ற கேடுகள் காணப்பட்டதாகவும், முழங்காலை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 4 சதவீதமே என்றும் கூறிற்று. ஊசி போடாதவர்களுடன் ஒப்பிட்டுப் பார்க்காததால், இக்கேடுகள் ஊசியால் வந்தனவா, நோயின் போக்கிலேயே வந்தனவா என்று அதைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. 2022-இல் அமெரிக்காவின் இரு பெரிய கண்காணிப்பு ஆய்வுகளை ஆராய்ந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்ற முழங்கால்கள், பின்னால் சொல்லப்போகும் ஜெல் ஊசி பெற்ற முழங்கால்களைவிட வேகமாகத் தேயவில்லை என்று கண்டார்கள். அனைத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், எப்போதோ ஒரு முறை போடும் ஊசிக்கு அஞ்ச வேண்டாம் என்பதும், ஆண்டு முழுவதும் தவணை தவறாமல் போடும் ஊசிக்குப் பலன் குறைவு, அபாயத்துக்கு இடமுண்டு என்பதும் புலனாகின்றன.

பலன் எவ்வளவு காலம் என்பதையும் சொல்ல வேண்டும். 27 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2015-இல் காக்ரேன் அமைப்பு செய்த மதிப்பீட்டின்படி, முதல் சில வாரங்களில் காணும் நிவாரணம் படிப்படியாகக் குறைந்து, ஆறாவது மாதத்தில் எஞ்சியிருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. பெரியம்மாவின் இரண்டு மாதம் இதற்கு ஒத்ததே.

"ஸ்டீராய்டு வேண்டாம், ஜெல் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற யோசனையும் பலருக்குக் கிடைக்கிறது. மூட்டு நீரில் இயற்கையாகவே உள்ள ஹயலூரானிக் அமிலம்தான் அந்த ஜெல். 169 பரிசோதனைகளை, 21,163 நோயாளிகளைத் தொகுத்து 2022-இல் வெளியான மதிப்பீடு, உப்பு நீரைவிட அது குறைக்கும் வலி நூறு புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய இரண்டு புள்ளியே என்றும், கடுமையான பாதகங்கள் சுமார் ஒன்றரை மடங்காக இருந்தன என்றும் கண்டது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் ஓராண்டு சோதித்து 2021-இல் வெளியிட்ட முடிவில், வலியிலும் குருத்தெலும்பிலும் உப்பு நீருக்கு மேலான பலன் தெரியவில்லை. உயர்ந்த விலை கொடுத்து வாங்கும் முன் இவ்விரு முடிவுகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

குருத்தெலும்பைத் தவிர வேறு சில ஜாக்கிரதைகளும் உண்டு. ஸ்டீராய்டு மூட்டிலேயே தங்கிவிடுவதில்லை. ஓரளவு இரத்தத்தில் கலந்து சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது. சென்னையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழும் நம் நாட்டில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஊசிக்குப் பின் முதல் வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுவது மிக அபூர்வம். எனினும் ஊசிக்குப் பின் முழங்கால் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் அதற்கு முந்திய மூன்று மாதங்களில் ஊசியைத் தவிர்ப்பது அவசியம். தவிர்க்காதவர்களுக்கு அறுவைக்குப் பின் கிருமித் தொற்று அதிகரிப்பது தெரிய வந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, நீண்ட காலத்துக்கு உதவுவது எது? அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு ஊசியும் மறு சாராருக்குப் பிசியோதெரபியும் அளித்து 2020-இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. வலியையும் இயலாமையையும் 240 வரை மதிப்பிடும் அளவுகோலில், ஓராண்டு முடிவில் ஊசி பெற்றவர்கள் 55.8-இலும், பயிற்சி பெற்றவர்கள் 37-இலும் இருந்தார்கள். எண் குறையக் குறைய நலம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்பதும் அளந்தறிந்த உண்மை.

வீக்கத்தோடு வலி உச்சத்தில் நிற்கும்போது, பயிற்சி செய்யக்கூட காலை மடக்க முடியாதபோது, ஓர் ஊசி பெரிய உபகாரம். அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் வலி தணிந்த அந்தச் சில வாரங்களை வீணாக்கிவிடாதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெள்ள இறக்குங்கள். இரு கால்களுக்கும் பத்துப் பத்து முறை, தினம் இரு வேளை. மூட்டின் பாரத்தைப் பகிர்ந்து கொள்ளும் தொடைத் தசையை எந்த ஊசியும் வளர்ப்பதில்லை. அதை நாம்தான் வளர்க்க வேண்டும்.