திர்ஹாமும் ரூபாயும்: அமீரக வேலைக்குப் புறப்படுமுன் போட வேண்டிய மாதக் கணக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை கிடைத்தவரின் வீட்டில் முதலில் போடப்படும் கணக்கு, முகவர் சொன்ன திர்ஹாம் சம்பளத்தை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்ப்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. இந்தப் பெருக்கல் வரவைக் காட்டுமே தவிர மிச்சத்தைக் காட்டாது. குடிபெயரும் முடிவோ மிச்சத்தைப் பொறுத்தே சரியாகவோ தவறாகவோ அமைகிறது. அங்கே ஒவ்வொரு மாதமும் ஏற்படும் செலவுகளில் எவை தொழிலாளியைச் சேர்ந்தவை, எவை முதலாளியைச் சேர்ந்தவை என்பதைச் சட்டமும் ஒப்பந்தமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எனவே வாழ்க்கைச் செலவை ஒப்பிடுவது சிக்கனம் சார்ந்த வேலை மட்டுமன்று. தனக்குரிய உரிமைகளைக் கையெழுத்திடும் முன்னரே வரிசைப்படுத்திக் கேட்டுப் பெறும் வேலையும் ஆகும்.

மாற்று விகிதம் சொல்லாதவை

திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற நிலையான மதிப்பில் அமெரிக்க டாலருடன் பிணைக்கப்பட்டிருப்பதால், ரூபாய்க்கும் திர்ஹாமுக்கும் இடையிலான விகிதம் டாலருக்கு எதிரான ரூபாயின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றுகிறது. 2014இல் 16 முதல் 17 ரூபாயாக இருந்த ஒரு திர்ஹாம், 2024இன் முடிவில் 23 ரூபாயைத் தாண்டியது. இந்த உயர்வால் பயன்பெறுவது ஊருக்கு அனுப்பப்படும் தொகை மட்டுமே. அமீரகத்திலேயே செலவாகும் திர்ஹாமுக்கு அதனால் எந்தக் கூடுதல் மதிப்பும் ஏற்படுவதில்லை.

ஒரே பொருளை வெவ்வேறு நாடுகளில் வாங்க எவ்வளவு பணம் தேவை என்பதை வைத்து நாணயங்களை மதிப்பிடும் முறையைப் பொருளியலாளர்கள் வாங்கும் திறன் சமநிலை என்பர். அறை வாடகை, உணவகச் சாப்பாடு, முடிவெட்டு போன்ற உள்ளூர்ச் சேவைகள் இந்தியாவைவிட அமீரகத்தில் பன்மடங்கு விலை கூடியவை என்பதால், திர்ஹாம் சம்பளத்தின் உண்மையான வாங்கும் திறன் மாற்று விகிதம் காட்டும் தொகையைவிடக் குறைவானது. இணையத்தில் கிடைக்கும் நகர ஒப்பீட்டுப் பட்டியல்களையும் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். அவற்றுள் சில பன்னாட்டு நிறுவன அதிகாரிகளின் வாழ்க்கை முறையை அளவுகோலாகக் கொண்டவை, வேறு சில பயனர்கள் தாமே பதியும் விலைகளின் சராசரிகள். தனி அடுக்குமாடி வீட்டின் சராசரி வாடகை, நால்வர் பகிரும் அறையில் ஒரு கட்டில் மட்டும் எடுத்துத் தங்கப்போகிறவருக்கு எதையும் சொல்வதில்லை.

சம்பளத்துக்குள் இருக்கும் பிரிவுகள்

வேலைவாய்ப்புக் கடிதத்தில் காணப்படும் மொத்தச் சம்பளம், பேசிக் எனப்படும் அடிப்படைச் சம்பளமும் வீடு, போக்குவரத்து போன்றவற்றுக்கான அலவன்ஸ் எனப்படும் படிகளும் சேர்ந்தது. 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள, 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டத்தின்படி, ஓராண்டேனும் பணியாற்றியவருக்கு வேலையிலிருந்து விலகும்போது தரவேண்டிய பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் ஊதியமாகவும் அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் ஊதியமாகவும் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே கொண்டது. மொத்தம் 2,500 திர்ஹாம் பெறும் இருவரில் ஒருவருக்கு அடிப்படை 1,500 ஆகவும் மற்றவருக்கு 2,500 ஆகவும் இருந்தால், இரண்டாண்டு முடிவில் முன்னவர் 2,100 திர்ஹாமும் பின்னவர் 3,500 திர்ஹாமும் பணிக்கொடையாகப் பெறுவர். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைத் தாண்டும் கூடுதல் நேர வேலைக்குரிய 25 விழுக்காட்டு மேலூதியமும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுவதால், படிகள் பெருத்து அடிப்படை சிறுத்த சம்பளம் வெளித்தோற்றத்தைவிட மதிப்புக் குறைந்ததாகும்.

அமீரகத்தில் தனிநபர் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் 2018 ஜனவரி 1 முதல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கப்படுகிறது. 2023இல் தொடங்கிய வேலையிழப்புக் காப்பீட்டுக்கு, அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமுக்கு மேற்படாதவர்கள் மாதம் 5 திர்ஹாமைத் தாமே செலுத்த வேண்டும். தொடர்ந்து 12 மாதம் செலுத்தியவர் தம் தவறின்றி வேலையிழந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை அதிகபட்சம் மூன்று மாதத்துக்குப் பெறலாம். இந்தச் சிறு செலவைத் தவிர்ப்பவருக்கு அபராதம் உண்டு.

செலவுப் பட்டியல்

பட்டியலில் மிகப் பெரிய செலவு தங்குமிடம். லேபர் கேம்ப் எனப்படும் தொழிலாளர் விடுதியை நிறுவனமே தருகிறதா, அதற்குப் பதிலாகப் படி தருகிறதா, இரண்டும் இல்லையா என்பதற்கேற்ப மாத மிச்சம் தலைகீழாக மாறக்கூடும். சொந்தச் செலவில் தங்குவோர் பெட் ஸ்பேஸ் என வழங்கும் கட்டில் வாடகையை நாடுகின்றனர். ஆனால் அனுமதியின்றி மரத்தட்டிகளால் அறைகளைப் பிரிப்பதும் அளவுக்கு மீறி ஆட்களைத் தங்க வைப்பதும் துபாயில் சட்டவிரோதம் என்பதால், ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வெளியேறச் சொல்லும்போது குறைந்த வாடகையின் ஆதாயம் ஒரே நாளில் மறைந்துவிடும். குடும்பத்தோடு தனி வீடு எடுப்பவர், ஆண்டு வாடகையைச் சில தவணைக் காசோலைகளாக முன்கூட்டியே தர வேண்டியிருப்பதையும், வாடகையில் 5 விழுக்காடு வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரிக்கப்பட்டு மின்சார, நீர்க் கட்டணத்தோடு வருவதையும், முன்பணமும் தரகுக் கூலியும் தனியே தேவைப்படுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போக்குவரத்தில் துபாய் மெட்ரோவின் சாதாரணப் பயண அட்டைக் கட்டணம், கடக்கும் மண்டலங்களைப் பொறுத்து ஒரு பயணத்துக்கு 3, 5, 7.50 திர்ஹாம் என அமைகிறது. நிறுவன வண்டி உண்டா என்று கேட்காதவர் இதையும் தம் கையிலிருந்தே தருவார். மருத்துவக் காப்பீடு 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டுகளிலும் முதலாளியின் பொறுப்பாகிவிட்டதால், அதற்கெனச் சம்பளத்தில் பிடித்தம் செய்வது முறையற்றது. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள எண்ணுபவருக்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் இருக்க வேண்டும் என்பது விசாவுக்கான வரம்பே ஆகும். அயல்நாட்டினரின் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளிலேயே படிப்பதால், குடும்பம் நடத்த அந்தத் தொகை போதும் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

ஊரில் இழப்பவையும் செலவே. தமிழ்நாட்டில் முறையான நிறுவனத்தில் பணிபுரிபவர் வேலையை விட்டால் வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 விழுக்காடு நின்றுபோகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோரின் குடும்பத்துக்குக் கிடைத்துவந்த இஎஸ்ஐ மருத்துவ வசதியும் முடிகிறது. மேலும், ஒரே குடும்பம் இரண்டு அடுப்பு எரிக்க வேண்டியதாகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

திருச்சியில் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கி, தம் சொந்தச் செலவு 8,000 போக 12,000 ரூபாயை வீட்டில் தருபவர் ஒருவருக்குத் துபாயில் 2,000 திர்ஹாம் சம்பளம் சொல்லப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். திர்ஹாமுக்கு 23 ரூபாய் வீதம் அது 46,000 ரூபாய். தங்குமிடம், போக்குவரத்து இரண்டும் அவருடைய பொறுப்பானால், கட்டிலுக்கு 700, மெஸ் சாப்பாட்டுக்கு 500, பயணத்துக்கு 230, தொலைபேசிக்கு 100, பிறவற்றுக்கு 150 என 1,680 திர்ஹாம் செலவாகிறது. எஞ்சும் 320 திர்ஹாம் 7,360 ரூபாய்க்குச் சமம். அதாவது, திருச்சியில் எஞ்சியதைவிடக் குறைவு. அதே சம்பளத்தில் தங்குமிடத்தையும் வண்டியையும் நிறுவனம் தந்தால் எஞ்சுவது 1,250 திர்ஹாம், அதாவது 28,750 ரூபாய். இத்தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. உண்மையான விலைகளை அதே பகுதியில் அதே சம்பள நிலையில் வசிப்பவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

முதல் நிலையில் உள்ளவர் விசாவுக்கென 1,20,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டியில் கடன் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. 24 மாதத்தில் அடைக்க அசலுக்கு மாதம் 5,000 ரூபாயும், முதல் மாத வட்டியாக 2,400 ரூபாயும் தேவை. எஞ்சிய 7,360 ரூபாய் முழுவதும் போனபின்னும் 40 ரூபாய் குறைகிறது. வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும், தொடக்க மாதங்களில் வீட்டுச் செலவுக்கு மறுபடி கடன் வாங்க நேரும்.

முகவர் கேட்கும் பணமும் சட்டமும்

இந்தக் கடனின் பெரும்பகுதி சட்டப்படி எழவே கூடாதது. ஆளெடுக்கும் செலவையோ வேலையில் அமர்த்தும் செலவையோ தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதை அமீரகத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 35,400 ரூபாய். முகவரின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இடம்பெறும் இசிஆர் குறிப்பு, அமீரகம் உட்பட வரையறுக்கப்பட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அந்த அனுமதியோடு கட்டாயமாக எடுக்கப்படும் பிரவாசி பாரதிய பீமா திட்டம், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் தரும். இரண்டாண்டுக்கு அதன் கட்டணம் 275 ரூபாய். இலங்கையிலிருந்து செல்வோர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

விசிட் விசாவில் அனுப்பி அங்கே போனபின் மாற்றித் தருவதாகச் சொல்லப்படும் வழி, இந்தப் பாதுகாப்புகளை எல்லாம் ஒருசேர இழக்கச் செய்கிறது. விசா முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் ஏறுவதோடு, அனுமதியின்றி வேலை செய்தது பிடிபட்டால் நாடு கடத்தப்படவும் நேரும்.

உரிமையைக் கேட்கும் வழிகள்

அமீரக மனிதவள அமைச்சகம் 2016 முதல் நடைமுறைப்படுத்திய வேலைவாய்ப்புக் கடிதம் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளி அறிந்த மூன்றாவது மொழியிலும் தரப்படலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. பின்னர் கையெழுத்தாகும் ஒப்பந்தம் இந்தக் கடிதத்துக்குக் குறைவான பலன்களைத் தரக்கூடாது என்பதால், மாதக் கணக்கில் கண்ட ஒவ்வொரு செலவும் யார் பொறுப்பு என்பதை அதிலேயே எழுதி வாங்குவது நல்லது. வாய்மொழியாகத் தரப்படும் உறுதிகளைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

சம்பளம் வங்கிகள், பணமாற்று நிலையங்கள் போன்ற அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழியே செல்வதைக் கண்காணிக்கும் ஊதியப் பாதுகாப்பு முறை அங்கே 2009 முதல் செயல்படுகிறது. குறித்த நாளில் சம்பளம் வராவிட்டாலோ முறையற்ற பிடித்தம் இருந்தாலோ, மனிதவள அமைச்சகத்தின் செயலியிலும் சேவை மையங்களிலும் புகார் செய்யலாம். 2024 தொடக்கம் முதல் 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத தகராறுகளில் அமைச்சகமே தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்றுள்ளது. 1,00,000 திர்ஹாம் வரையிலான வழக்குகளுக்குத் தொழிலாளி நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதும் சட்டவிரோதமே. வீட்டு வேலைக்குச் செல்வோருக்கு 2022ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்துவதால், அவர்கள் தம் உரிமைகளைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

இந்தியத் தரப்பில் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகமும் அபுதாபியிலுள்ள தூதரகமும் புகார்களைப் பெறுகின்றன; வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) எனப்படும் இணையப் புகார்த் தளத்தில் குடும்பத்தினர் ஊரிலிருந்தபடியே முறையிடலாம். முகவர் மீதான புகாரைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் காவல்துறையிலும் தரலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், அயலகத் தமிழர் நலத்துக்கான ஆணையரகம் ஆகியவற்றையும் அணுகலாம். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் எனப்படும் ஹவாலா முறையை நாடுவது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பானது. பணம் தொலைந்தால் காட்டுவதற்கு ரசீதும் இருக்காது.

வேலைவாய்ப்புக் கடிதம், முகவருக்குக் கொடுத்த பணத்துக்கான ரசீது, முழுதாக நிரப்பிய மாதக் கணக்கு ஆகிய மூன்றின் நகலும் பயணத்துக்கு முன்பே வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். கடன் தவணையும் ஊரில் இழக்கும் பலன்களும் போக எஞ்சும் தொகை, ஊரில் இப்போது எஞ்சுவதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இல்லையென்றால், அந்த வேலையை ஏற்குமுன் சம்பளத்தையோ தங்குமிடத்தையோ பேசித் திருத்திக்கொள்ள வேண்டும். நிறுவனம் அதற்கு இணங்காவிட்டால் மறுத்துவிடுவதே குடும்பத்துக்கு இலாபம்.